பசை போயிடுச்சுன்னா கரண்ட் வைக்கிறது வீணா?

கேள்வி: டாக்டர் அக்கா, எங்க அப்பாவுக்கு 58 வயசு, திண்டுக்கல் பக்கம் கிராமம். முப்பது வருஷமா வெத்தல பாக்கு பொகையில போடுவாரு. நாக்கோட இடது ஓரத்துல ஆறாத புண்ணு, பயாப்ஸி எடுத்ததுல கேன்சர்னு வந்துச்சு, ஆபரேஷன் முடிஞ்சு இன்னியோட 26 நாள் ஆச்சு. கழுத்துலயும் கீறி நெறிக்கட்டி எல்லாத்தையும் எடுத்துட்டாங்க, வெளிய ஒண்ணுமே தெரியலையே எதுக்கு எடுத்தாங்கன்னு அப்பாவுக்கு இன்னும் கோவம். ரிப்போர்ட்ல கடைசி வரியில 'ஈ-கேட்ஹெரின், கட்டியின் முன் விளிம்பில் குறைவு'ன்னு போட்டிருக்கு. அண்ணன் அத நெட்ல தேடிப் பாத்துட்டு, செல்ல ஒட்டி வைக்கிற பசை போயிடுச்சு, உடம்பு பூரா சிதறியிருக்கும்னு வீட்ல சொல்லிட்டான். அதக் கேட்டதுலருந்து, இனிமே எதுக்கு கரண்ட் (ரேடியேஷன்) வைக்கணும்னு அப்பா வரமாட்டேங்குறாரு. பயாப்ஸில கத்தி பட்டதாலதான் பசை விட்டுப்போச்சுன்னு பெரியப்பா சொல்றாரு. கால்சியம் மாத்திரை போட்டா பசை திரும்ப வருமா? இந்தப் பசையோட ஜீன் தப்பு பரம்பரையா வரும்னு நெட்ல பாத்தேன், எனக்கும் என் புள்ளைங்களுக்கும் வருமா? முழு ரிப்போர்ட்டயும் அனுப்பியிருக்கேன், ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த நெஞ்சு சிடி சுத்தம்னு வந்துச்சு. அண்ணன் பொகையில போடமாட்டான், வெறும் பாக்குதான்.

பதில்: தங்கச்சி, முதல் விஷயத்த அப்பாகிட்ட போய் சொல்லிட்டு வந்து அப்புறம் மிச்சத்தப் படிங்க. அந்த வரி 'சிதறிடுச்சு'ன்னு சொல்லவே இல்ல. ஆபரேஷன் முடிஞ்சு ஆறு வாரத்துக்குள்ள ரேடியேஷன் ஆரம்பிக்கணும்கிறதுதான் நாங்க எல்லாரும் வச்சிருக்கற கணக்கு, ஆறு வாரம்னா 42 நாள், அதுல 26 போயிடுச்சு, உங்க கையில இருக்கிறது 16 நாள். அதனாலதான் உங்க லெட்டர வரிசைய மீறி முதல்ல எடுத்துக்கிட்டேன்.

நான், சர்ஜன் வெட்டி எடுக்குற சதைய மைக்ரோஸ்கோப்புல பாத்து ரிப்போர்ட் எழுதுற டாக்டர். நீங்க பயந்த மாதிரி வரிய நானே எத்தனையோ ரிப்போர்ட்ல எழுதியிருக்கேன், அது வீட்டுக்குப் போய் இப்படி ஒரு மனுஷனப் படுக்க வச்சிரும்னு அப்போ தோணினதில்ல. அதனால அந்த ஒரு வரிக்கு என்ன அர்த்தம்னு கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

நம்ம நாக்குக்கு மேல இருக்கிற தோல் ஒரே ஷீட் கிடையாது, செல்லுக்கு மேல செல்லா பல அடுக்கு. சூடான காபி, முறுக்கு, பல்லு உரசுறது இதெல்லாம் நாள் பூரா பட்டும் அந்த அடுக்கு பிஞ்சு வராம இருக்குன்னா பக்கத்து பக்கத்து செல்லு ஒண்ண ஒண்ணு இறுக்கிப் புடிச்சிட்டிருக்கறதாலதான். அப்படிப் புடிக்கிற கைதான் ஈ-கேட்ஹெரின். ஒரு செல்லுலருந்து ஒரு கை நீளும், அடுத்த செல்லுலருந்தும் அதே கை நீளும், ரெண்டும் கோத்துக்கும். செல்லுக்கு உள்ள அந்தக் கையோட தோள்பட்டை மாதிரி பீட்டா-கேட்டனின், ஆல்ஃபா-கேட்டனின்னு சில புரோட்டீன் இருக்கு, அதுங்கதான் கைய செல்லோட எலும்புக்கூடு மாதிரி இருக்கிற ஆக்டின் நாரோட கட்டி வைக்குது. உங்க அண்ணன் 'பசை'ன்னு சொன்னது முழுத் தப்புன்னு சொல்லமாட்டேன், நிறைய பேர் அப்படித்தான் எழுதுறாங்க, ஆனா பசைன்னு சொன்ன உடனே ஒருதடவ விட்டா விட்டதுதான்னு மனசுல விழுந்துரும். இது கை. விடும், மறுபடியும் புடிக்கும். இந்த வித்தியாசத்த மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

நாங்க இத எப்படிப் பாக்குறோம்னா, மெலிசா சீவின சதையில ஒரு ஆன்டிபாடி போட்டு கலர் ஏத்துவோம், ஈ-கேட்ஹெரின் இருக்கிற இடம் பிரவுனா தெரியும். நல்ல நாக்குல ஒவ்வொரு செல்லச் சுத்தியும் பிரவுன் கோடு, மீன் வலைய விரிச்சுப் போட்ட மாதிரி அவ்ளோ அழகா இருக்கும். கேன்சர் கட்டியோட நடுப்பகுதியிலயும் பெரும்பாலும் அந்த வலை ஓரளவு இருக்கும். கட்டி சதைக்குள்ள எறங்குற ஓரம் இருக்கு பாருங்க, அதத்தான் முன் விளிம்புன்னு எழுதுவோம், அங்க போனா கோடு மங்கிப்போய், அங்கங்க அறுந்து, சில செல்லுல கலரே இல்லாம இருக்கும். அப்பா ரிப்போர்ட் சொல்றது இதத்தான். அதாவது கட்டியோட ஓரத்துல இருந்த செல்லுங்க பிடிய தளத்தியிருக்கு. அந்த ஓரம் இப்போ எங்க இருக்கு? ஆபரேஷன்ல வெட்டி எடுத்து, ஃபார்மலின்ல ஊறி, மெழுகுல பொதிஞ்சு, எங்கள மாதிரி ஒருத்தரோட லேப்ல இருக்கு. நீங்க அனுப்பின ரிப்போர்ட்ல வெட்டின விளிம்பு கட்டியிலருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி சுத்தமா இருக்குன்னு போட்டிருக்கு, 5 இருந்தாலே நல்ல விளிம்புன்னு எடுத்துக்குவோம். இந்த வரிய ஏன் அண்ணன் படிச்சுச் சொல்லலன்னு எனக்கு ஆதங்கமாத்தான் இருக்கு, அது ஒரு நல்ல வரி.

சரி, பிடி தளர்ந்தா உடனே உடம்பு பூரா போயிடுமான்னா, இல்ல. பெம்ஃபிகஸ்னு ஒரு நோய் இருக்கு, அதுல உடம்போட எதிர்ப்பு சக்தியே டெஸ்மோக்ளீன்-3 அப்படிங்கிற இன்னொரு ஒட்டுற புரோட்டீன எதிரின்னு நெனச்சு தாக்கும். டெஸ்மோக்ளீனும் கேட்ஹெரின் குடும்பம்தான். அந்த நோயாளிங்களுக்கு வாய் பூரா செல்லு பிரிஞ்சு கொப்புளமா உரிஞ்சு வரும், பாக்கவே கஷ்டமா இருக்கும், ஆனா அந்தப் பிரிஞ்ச செல்லு எதுவும் கழுத்துல போய்க் கட்டியா வளராது. ஏன்னா சாதாரண செல்லு பிடிய விட்டுட்டு தனியா நின்னா செத்துப்போயிடும், உடம்பு அப்படித்தான் பழக்கி வச்சிருக்கு. கேன்சர் செல்லு பிடிய விடுறதோட மட்டுமில்லாம தனியா நின்னும் சாகாம இருக்கக் கத்துக்கணும், கீழ இருக்கிற தரைய அரிச்சு வழி உண்டாக்கணும், நிணநீர்க் குழாய்க்குள்ள நுழையணும், போன எடத்துல மறுபடி குடித்தனம் போடணும். ஒவ்வொரு படியிலயும் கணக்கில்லாம செல்லு சாகுது.

அந்தத் தரைன்னு சொன்னேன்ல, அதுக்கும் ஒரு பிடி உண்டு. செல்லோட கால் மாதிரி இன்டெக்ரின்னு ஒரு புரோட்டீன் குடும்பம், அடியில இருக்கிற லாமினின்ங்கிற தரைய மிதிச்சு நிக்கும். வாய் கேன்சர்ல கை பிடி தளரும்போது கால் மாறும், இது நான் முக்கியமா நெனைக்கிற விஷயம். நல்ல வாய்த்தோல்ல ஆல்ஃபா-வி பீட்டா-6னு ஒரு இன்டெக்ரின் அனேகமா இருக்காது, புண்ணு ஆறும்போது மட்டும் கொஞ்ச நாள் வந்துட்டுப் போயிடும், ஏன்னா புண்ண மூட செல்லு நகரணும்ல. வாய் கேன்சர்ல அது நிரந்தரமா உக்காந்துக்குது, அதுவும் முன் விளிம்புல. உடம்பு புண்ணு ஆத்துறதுக்குன்னு வச்சிருந்த நடைய கேன்சர் திருடிக்குதுன்னுதான் நான் ஸ்டூடண்ட்ஸ்க்கு சொல்வேன். அந்த இன்டெக்ரின் டிஜிஎஃப்-பீட்டான்னு ஒரு சிக்னலத் தட்டி எழுப்பும், அந்த சிக்னல் ஸ்னெய்ல், ட்விஸ்ட் மாதிரி ஸ்விட்ச் புரோட்டீன ஏத்தும், ஸ்னெய்ல் போய் ஈ-கேட்ஹெரின் ஜீன அணைச்சிரும். ஸ்னெய்ல்தான் அணைக்குதுன்னு 2000-ல ஸ்பெயின்ல மாட்ரிட்லயும் பார்சிலோனாவுலயும் ரெண்டு குரூப் தனித்தனியா கண்டுபிடிச்சாங்க. ஆக கால் மாறுறதும் கை விடுறதும் தனித்தனி சம்பவம் இல்ல, ஒண்ண ஒண்ணு இழுத்துட்டுப் போகுது.

இதுலருந்தே உங்க பெரியப்பாவுக்குப் பதில் கெடச்சிருச்சு. ஈ-கேட்ஹெரின் குறைஞ்சது செல்லோட உள்ளுக்குள்ள ஜீன் அணைஞ்சதால, கத்தி போய் அறுத்ததால இல்ல. அப்பாவுக்குப் புண்ணு எத்தன மாசமா இருந்துச்சோ அவ்ளோ நாளும் அந்த ஓரம் உள்ள எறங்கிட்டுதான் இருந்திருக்கு. பெரியவங்க மேல எனக்குக் கோவம் இல்ல, ஊர்ல யாரோ ஒருத்தருக்கு பயாப்ஸி எடுத்து, அதுக்கப்புறம் வைத்தியத்துக்கே போகாம விட்டு, நாலு மாசத்துல கழுத்து வீங்கினத அவங்க கண்ணால பாத்திருப்பாங்க, கத்தி பட்டதுனால வந்துச்சுன்னுதான் தோணும். எனக்கே அப்படி ஒருத்தர மறக்க முடியல. ஸ்லைடு பாத்து சின்னக் கட்டி, ஆபரேஷனோட முடிஞ்சிரும்னு நம்பி ரிப்போர்ட் குடுத்தேன், சொந்தக்காரங்க கத்தி வேணாம்னு எங்கயோ மருந்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க, அஞ்சு மாசம் கழிச்சு வந்தப்போ வாயத் தொறக்கவே முடியல, கழுத்துல எலுமிச்சம்பழம் அளவு கட்டி. அந்த ரெண்டாவது ஸ்லைடப் பாத்தப்போ எனக்கு அழுகை வந்துச்சு. பயாப்ஸியால பரவல, அந்த அஞ்சு மாசத்துல பரவுச்சு. அப்பா விஷயத்துல அந்த மாதிரி ஒரு அஞ்சு மாசம் வந்துறக்கூடாதுன்னுதான் இவ்ளோ எழுதுறேன்.

கழுத்துல எடுத்ததுக்கும் இதுலயே பதில் இருக்கு. வாய் கேன்சர் தளந்து போனா முதல்ல போய்ச் சேர்ற எடம் கழுத்து நெறிக்கட்டிதான், ஆரம்பத்துல அது கைக்கும் தட்டாது, ஸ்கேன்லயும் சில சமயம் தெரியாது. வெளிய தெரியாதவங்களுக்குக் கழுத்தயும் முதல்லயே சுத்தம் பண்றதா, இல்ல தெரிஞ்சதுக்கப்புறம் பண்றதான்னு ரொம்ப நாள் டாக்டர்ங்களுக்குள்ளயே விவாதம் இருந்துச்சு. மும்பை டாட்டா மெமோரியல்ல இந்த ரெண்டையும் நேருக்கு நேர் வச்சுப் பாத்து 2015-ல முடிவு சொன்னாங்க, மூணு வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க முதல்லயே கழுத்த எடுத்த குரூப்ல 80 சதவீதம், காத்திருந்த குரூப்ல 67.5. நம்ம நாட்டு ஆளுங்கள வச்சு நடந்த இந்த ஆய்வு உலகத்துல பல ஊர் சர்ஜன் வேலையையும் மாத்துச்சு. அப்பா ரிப்போர்ட்லயே பாருங்க, எடுத்த 28 நெறிக்கட்டில ஒண்ணுல கேன்சர் இருந்திருக்கு, அதோட தோல் கிழிஞ்சு வெளிய வரல. வெளிய தெரியாததுதான், ஆனா உள்ள இருந்துச்சு. அத விட்டு வச்சிருந்தா இந்நேரம் என்னாயிருக்கும்னு அப்பாகிட்ட மெதுவா சொல்லிப் பாருங்க, கோவம் கொறையும்.

இப்போ அந்த 'விடும், மறுபடியும் புடிக்கும்'கிற விஷயம். 2017-ல அமெரிக்காவுல பாஸ்டன்ல 18 நோயாளிங்களோட தலை கழுத்து கட்டியிலருந்து, பெரும்பாலும் வாய்க் கட்டிதான், கிட்டத்தட்ட 6000 செல்ல ஒவ்வொண்ணா பிரிச்சு எந்தெந்த ஜீன் எரியுதுன்னு பாத்தாங்க. எல்லாரும் எதிர்பாத்தது ஓரத்துல இருக்கிற செல்லு பிடிய முழுசா விட்டுட்டு வேற ஜாதி செல்லா மாறியிருக்கும்னு. பாத்தா அப்படி இல்ல, பாதி மாறி பாதி பழைய குணத்தோடயே இருந்துச்சு. அப்படிப் பாதி மாறின செல்லுங்க கட்டியோட ஓரத்துலதான் இருந்துச்சு, அது அதிகமா இருந்த கட்டி நெறிக்கட்டிக்குப் போற வாய்ப்பும் அதிகமா இருந்துச்சு. நாங்களும் தினம் ஸ்லைடுல பாக்குறது அதுதான், வாய் கேன்சர் பெரும்பாலும் கை கோத்த கூட்டமாவே எறங்கும், ஓரத்துல மட்டும் ரெண்டு மூணு செல்லு பிரிஞ்சு நிக்கும், அஞ்சுக்குக் கம்மியா பிரிஞ்சு நிக்கிற கூட்டத்த மொட்டுன்னு சொல்லி எண்ணுவோம். நெறிக்கட்டிக்குள்ள போய் உக்காந்த கட்டியப் பாத்தா அங்க மறுபடியும் ஈ-கேட்ஹெரின் வலை நல்லா தெரியறத எத்தனையோ தடவ பாத்திருக்கேன். அதனால 'குறைவு'ங்கிற சொல் இந்தக் கட்டிக்கு நெறிக்கட்டிக்குப் போற குணம் இருந்துச்சுன்னு சொல்லுது. அது ஏற்கனவே நமக்குத் தெரியும், 28-ல ஒண்ணு. நுரையீரலுக்குப் போச்சு, எலும்புக்குப் போச்சுன்னு அது சொல்லாது, அதுக்கு ஸ்கேன்தான் சொல்லணும், ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த நெஞ்சு சிடி சுத்தம்னு நீங்களே எழுதியிருக்கீங்க.

இன்னொண்ணும் வெளிப்படையா சொல்லிடறேன். வாய் கேன்சர்ல ஈ-கேட்ஹெரின் டெஸ்ட் எல்லாருக்கும் பண்றதில்ல, மருத்துவக் கல்லூரிகள்ல ஆராய்ச்சிக்காகப் பண்றதுதான் அதிகம். அந்த ரிசல்ட்ட வச்சு ட்ரீட்மென்ட் கூட்டறதோ கொறைக்கறதோ கிடையாது. எத வச்சு முடிவு பண்றோம்னா, கட்டி எவ்ளோ ஆழம் எறங்கிச்சு, அப்பாவுக்கு 8 மில்லிமீட்டர், 2018-லருந்து ஸ்டேஜ் போடறதுக்கே ஆழம் கணக்குல வருது. வெட்டின ஓரம் சுத்தமா, நரம்பச் சுத்திப் போயிருக்கா, நெறிக்கட்டில எத்தன, அதோட தோல் கிழிஞ்சிருக்கா. அப்பாவுக்கு நரம்பச் சுத்திப் போயிருக்கு, ஒரு நெறிக்கட்டியும் பாசிட்டிவ், அதனாலதான் ரேடியேஷன்னு சொல்லியிருக்காங்க. ஓரம் சுத்தம், நெறிக்கட்டி கிழியல, அதனாலதான் கூட கீமோ சொல்லல. அந்த டீம் எடுத்த முடிவு சரியான முடிவு, நான் அந்த மேசையில உக்காந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

கரண்ட் எதுக்குன்னு அப்பா கேட்டாருன்னா, இப்படிச் சொல்லுங்க. ஓரத்துலருந்து பிரிஞ்சுபோன ஒண்ணு ரெண்டு செல்லு கத்தி போன எடத்துக்கு வெளிய நாக்குலயோ கழுத்துலயோ தங்கியிருந்தா அது கண்ணுக்கும் தெரியாது ஸ்கேனுக்கும் தெரியாது, அதுங்க கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி அழிக்கிறதுதான் கரண்ட் வைக்கிறதோட வேலை. பிடி தளர்ந்த கட்டின்னு தெரிஞ்சதுனால கரண்ட் வீண் இல்ல, பிடி தளர்ந்ததுக்குத்தான் கரண்ட்டே.

கால்சியம் மாத்திரை பத்திக் கேட்டீங்க, அது எங்கருந்து வந்துச்சுன்னு எனக்குப் புரியுது. ஜப்பான்காரர் மசாதோஷி டகெய்ச்சிதான் இந்தக் கைய கண்டுபிடிச்சவர். அவரு கியோட்டோவுலருந்து அமெரிக்கா பால்டிமோர்ல ஒரு லேபுக்குப் போனப்போ, ஊர்ல நல்லா ஒட்டுன செல்லு அங்க ஒட்டவே மாட்டேன்னுச்சு. தேடித்தேடிப் பாத்தா அங்க செல்லப் பிரிக்க வச்சிருந்த கரைசல்ல கால்சியத்த உறிஞ்சுற ஒரு கெமிக்கல் கலந்திருந்துச்சு. கால்சியம் இருந்தாத்தான் இந்தக் கை விறைப்பா நிக்கும், இல்லேன்னா தொவண்டுபோயிடும்னு புரிஞ்சுச்சு, 1984-ல கேட்ஹெரின்னு பேரே அதனாலதான் வந்துச்சு. ஆனா அப்பா உடம்புல கால்சியம் குறையல. ரத்தத்துல 8.5-க்கும் 10.5-க்கும் நடுவுல உடம்பே அத இறுக்கமா புடிச்சு வச்சிருக்கும். கைக்கு வேண்டிய கால்சியம் இருக்கு, கையத்தான் செல்லு செய்யறத நிறுத்திடுச்சு. மாத்திரை போட்டு அணைஞ்ச ஜீன எரிய வைக்க முடியாது. டாக்டர் வேற காரணத்துக்கு எழுதிக் குடுத்தா போடட்டும், நீங்களா வாங்கிக் குடுக்காதீங்க. ஈ-கேட்ஹெரின திரும்பக் கொண்டு வர்ற மருந்துன்னு ஒண்ணு இன்னும் நோயாளிக்குக் குடுக்கற நெலையில இல்ல, யாராச்சும் கஷாயம், பவுடர்னு அப்படிச் சொல்லி வித்தா காச அவங்ககிட்ட குடுக்காதீங்க, அந்த 16 நாளையும் குடுத்துறாதீங்க.

பரம்பரை விஷயத்துல நீங்க நெட்ல பாத்தது உண்மை, ஆனா வேற நோய். 1998-ல நியூசிலாந்துல ஒரு மாவோரி குடும்பத்துல தலைமுறை தலைமுறையா சின்ன வயசுலயே வயித்து கேன்சர்ல செத்துட்டு இருந்தாங்க, அவங்களுக்குப் பொறக்கும்போதே இந்த ஈ-கேட்ஹெரின் ஜீன்ல தப்பு இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. அது வயித்து கேன்சரும், பொம்பளைங்களுக்கு ஒரு வகை மார்பு கேன்சரும் வர்ற ஜீன் தப்பு. அப்பாவுக்கு அப்படி இல்ல, வாய் கேன்சர்ல இந்த ஜீன் ஒடையறது அபூர்வம், அணைச்சு வைக்கப்படறதுதான் வழக்கம், அதுவும் அந்தக் கட்டியோட செல்லுல மட்டும். அது உங்களுக்கோ புள்ளைங்களுக்கோ ரத்தத்துல வராது.

ஆனா வீட்ல வேற ஒண்ணு வரும், அத நீங்க கேக்கல, லெட்டர் கடைசியில போறபோக்குல எழுதியிருந்தீங்க, அண்ணன் பொகையில போடமாட்டான் வெறும் பாக்குதான்னு. எனக்கு அந்த வரிதான் ரொம்ப நேரம் மனச அறுத்துச்சு. பொகையில இல்லாட்டியும் பாக்கே கேன்சர் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு 2004-லயே சொல்லிடுச்சு. பாக்குல இருக்கிற அரிகோலின் வாய்க்குள்ள சதைய நாரா இறுக்க வச்சு வாயத் தொறக்க முடியாமப் பண்ணும், எர்ணாகுளத்துல அப்படி நார் இறுகின 66 பேர 17 வருஷம் விடாம கவனிச்சதுல 7.6 சதவீதம் பேருக்கு கேன்சரா மாறுச்சு. இதுல நான் மேல சொன்ன அந்த 'திருடின கால்' இருக்கே, ஆல்ஃபா-வி பீட்டா-6, அரிகோலின் அதையே ஏத்தி விடுதுன்னு 2011-ல இங்கிலாந்துல காட்டியிருக்காங்க. கேன்சர் வர்றதுக்கு எவ்ளோ முன்னாடியே, வெறும் பாக்கு நெலையிலயே, செல்லு நடை மாற ஆரம்பிச்சிடுது. அப்பாவுக்காக நெட்ல அவ்ளோ தேடின அண்ணன், அவர் வாயையும் ஒருதடவ கண்ணாடியில பாக்கட்டும். மூணு விரல செங்குத்தா வாய்க்குள்ள வைக்க முடியுதா, காரம் பட்டா எரியுதா, கன்னத்து உள்பக்கம் வெளுத்து பலகை மாதிரி இருக்கா, சொரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு இருக்கா. இதுல எது இருந்தாலும், ஏன் ஒண்ணுமே இல்லாட்டியும், அப்பாவ கூட்டிட்டுப் போறப்போ அவரும் ஒரு பல் டாக்டர்கிட்ட வாயக் காட்டிட்டு வரட்டும். பாக்குப் போடறத ஒருநாள்ல விட முடியாது, அதுக்காகத் திட்டாதீங்க, அரசு ஆஸ்பத்திரிகள்ல விடறதுக்கு உதவி பண்ற ஆளுங்க இருக்காங்க, கேளுங்க.

இப்போ அந்த 16 நாள். நாளைக்கே அப்பாவ பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, ரேடியேஷன் ஆரம்பிச்சதுக்கப்புறம் தாடையில பல்லு புடுங்குறது ஆபத்து, எலும்பு ஆறாம போயிடும், சொத்தைப் பல்லு, ஆடற பல்லு இருந்தா இப்பவே எடுத்துடணும், அந்தக் குழி ஆற ரெண்டு வாரம் வேணும், அதனால ஒருநாளும் தள்ளாதீங்க. அன்னைக்கே ரேடியேஷன் டாக்டரையும் பாத்து மாஸ்க் எடுக்க தேதி வாங்கிடுங்க, முகத்துக்கு அளவெடுத்து வலை மாதிரி ஒரு மாஸ்க் செய்வாங்க, வலிக்காது. பொதுவா வாரத்துக்கு 5 நாள், ஆறு வாரம் போகணும், ஒருநாளைக்குப் படுக்கிறது கொஞ்ச நேரம்தான். மூணாவது வாரத்துலருந்து வாய்ப் புண்ணு, எச்சி வத்தறது, ருசி போறது எல்லாம் வரும், அப்போதான் நிறைய பேர் பாதியில விட்டுட்டு வீட்டுக்கு வந்துடறாங்க, அப்படி விட்டா பலன் கொறையும், அதனால முழுங்க முடியலேன்னா மூக்கு வழியா டியூப் போட்டு சாப்பாடு குடுக்கலாமான்னு நீங்களே டாக்டர்கிட்ட கேளுங்க, அப்பா வெக்கப்பட்டு சொல்லமாட்டாரு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல ரேடியேஷன் வரும், கார்டு இருந்தா எடுத்துட்டுப் போங்க, இல்லேன்னா கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற கவுண்டர்ல எடுக்கலாம். கழுத்து ஆபரேஷனால தோள்பட்டை தூக்க முடியலேன்னு சொன்னாருன்னா அதுக்கு எக்சர்சைஸ் உண்டு, பிசியோதெரபிக்குச் சீட்டு கேட்டு வாங்குங்க.

அப்பா மறுபடியும் 'பசை போயிடுச்சே'ன்னு ஆரம்பிச்சாருன்னா, நீங்க பதில் சொல்லி வாதாட வேணாம், ரேடியேஷன் டாக்டர் முன்னாடி உக்காந்து அவரே அவர் வாயால கேக்கட்டும், அந்த ரிப்போர்ட்ட கையில குடுத்து அனுப்புங்க, 6 மில்லிமீட்டர்னு இருக்கிற வரிக்குக் கீழ ஒரு கோடு போட்டு.